கருப்பட்டிச் சீடை விபத்து அறிக்கை

ஆமத்தூர் பஞ்சம்மாளுக்கு முன்பல் இரண்டு போனது ஆயுத பூசையன்று காலை பதினொன்றேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், பிறகு அது அரசாங்கப் படிவம் ஒன்றில் ஏறியதுதான். போன இடம், சிவகாசியில் சங்கரலிங்கம் முதலாளியின் காலண்டர் அச்சகம். போன விதத்தை எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை.

பஞ்சம்மாள் அந்த அச்சகத்துக்கு வந்து பத்தொன்பது வருசம் ஆகிறது. தேதித் தாள் கட்டை அட்டையில் பொருத்தும் பகுதியில் அவள்தான் மூத்த ஆள். கை வேகம் அதிகம், அதைவிட வாய் வேகம். காலையில் ஆமத்தூரில் பஸ் ஏறும்போது தொடங்கும் பேச்சு, சாயங்காலம் திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நிற்கும். அதுவும், அவள் வீட்டுக்காரர் பெத்தணன் எதைச் சொன்னாலும் ‘உம்’ என்று மட்டும் சொல்கிற மனிதர் என்பதால்.

மற்ற அச்சகங்களில் ஆயுத பூசைக்குப் பொரிகடலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சங்கரலிங்கம் அச்சகத்தில் அப்படியில்லை. முதலாளியின் மனைவி யோகேஸ்வரி தன் கையாலேயே கருப்பட்டிச் சீடை செய்து இரண்டு பெரிய தூக்குச்சட்டி நிறையக் கொண்டு வருவார். பெருந்தன்மையான மனுஷி. யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் வரிசையில் வந்து உட்காருவார். அவருடைய சீடையில் மட்டும்தான் கோளாறு. பதம் எங்கே தப்பியதோ தெரியாது, எண்ணெயில் விழும்போது மாவாக இருந்தது வெளியே வரும்போது கூழாங்கல்லாகிவிடும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் இருபத்திரண்டு வருசமாக யாருக்கும் வந்ததில்லை.

‘சீடை சாப்பிடாம ஒரு ஆளும் வாசலத் தாண்டக் கூடாது’ என்பது முதலாளியின் உத்தரவு. அதற்கு வேலையாட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சீடையை வாங்கி வாயில் போட்டு, கன்னத்து ஓரம் ஒதுக்கி, தலையை ஆட்டி, ‘அருமையா இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்த் துப்பிவிடுவது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பஞ்சம்மாள்தான் இந்த வித்தையைக் கற்றுக் கொடுப்பாள்.

அப்படிப்பட்ட பஞ்சம்மாளே அந்த வருசம் மாட்டிக்கொண்டாள். பூசை முடிந்ததும் யோகேஸ்வரி நேராக அவளிடம் வந்தார்.

“பஞ்சம்மா, நீ இங்கன எம்புட்டு வருசமா உழைக்க! இந்தத் தடவ எங் கையால சாப்பிடு. வாயத் தொற.”

சீடை வாய்க்குள் போனது. பஞ்சம்மாள் வழக்கம்போலக் கன்னத்துக்குத் தள்ளப் பார்த்தாள். யோகேஸ்வரி நகரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடி தாயி. இந்த வருசம் எள்ளுக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன். எப்பிடி இருக்குன்னு சொல்லு.”

வேறு வழியில்லை. பஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். ‘டக்’ என்று ஒரு சத்தம், பூசை அறை வரைக்கும் கேட்டது.

“கேட்டீகளா? என்னமா மொறுமொறுன்னு ஒடையுது!” என்று யோகேஸ்வரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பஞ்சம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறக்காமலேயே தலையை ஆட்டினாள். ருசியில் கண் கலங்கிவிட்டாள் என்று எண்ணிய யோகேஸ்வரி, இன்னும் நாலு சீடையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையில் வைத்தார்.

குழாயடியில் துப்பியபோது சீடை முழுசாக இருந்தது. பல்தான் இரண்டாக இருந்தது. பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பேச வாயைத் திறந்தால் பாதிச் சொல் காற்றாகப் போனது. நடந்ததைப் பெத்தணனிடம் விளக்கி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருசத்துக்குப் பிறகு மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். “சீடை ஒண்ணு பாக்கி இருக்கா?” என்று வேறு கேட்டார். பஞ்சம்மாள் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டாளே தவிர குழம்பு ஊற்றவில்லை.

கிராம்பை வைத்துக் கட்டி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். வலி காது வரைக்கும் ஏறியது. அச்சகத்தின் கணக்கு எழுதும் அழகுமீனாதான் வழி சொன்னாள்.

“அக்கா, மாசாமாசம் ஈ.எஸ்.ஐ.ன்னு சம்பளத்துல பிடிக்கோம்ல, அதுல பல்லும் சேத்திதான். அட்டைய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“பல்லுக்குமா? அது காய்ச்சல் மாத்திரைக்குப் பிடிக்கிறதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பிரீத்திகா சின்ன வயசுக்காரி, பொறுமையானவள். பஞ்சம்மாளை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, வாய்க்குள் பார்த்தாள்.

“எப்படிம்மா இப்படி உடைஞ்சது? எங்கயும் விழுந்தீங்களா?”

“சீடை கடிச்சேன் டாக்டரம்மா.”

“வீட்டுலயா?”

“கம்பெனில. மொதலாளியம்மா வாயில ஊட்டி விட்டாக.”

டாக்டர் பேனாவை எடுத்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு அதை அப்படியே சீட்டில் எழுதினாள். மரத்துப்போக ஊசி போட்டு, உடைந்ததையும் ஆடியதையும் எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள். எவ்வளவு ஆகுமோ என்று பஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்தபோது, “ஒண்ணும் கட்ட வேண்டாம்மா, அட்டை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருசம் பிடித்த பிடித்தம் அன்றைக்குத்தான் பஞ்சம்மாளின் கண்ணுக்குத் தெரிந்தது.

“இந்த எடத்துல பல்லு கட்ட முடியுமாம்மா?” என்று பஞ்சுக்கு ஊடாகக் கேட்டாள்.

“முதல்ல புண்ணு ஆறட்டும். நீங்க சொல்றதப் பாத்தா கம்பெனியில வேலை நேரத்துல நடந்திருக்கு. வேலையில பட்ட அடின்னு ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்கன்னா, பல்லு செட்டும் இதே அட்டையில கேட்டுப் பாக்கலாம். ஆனா அதுக்கு உங்க கம்பெனிதான் விபத்து அறிக்கை கொடுக்கணும்.”

மறுநாள் பஞ்சம்மாள் முதலாளி அறைக்குப் போனாள். சங்கரலிங்கம் அறுபதை நெருங்குகிறவர். தொழிலில் நேர்மை, பேச்சில் தாராளம், வீட்டில் பயம். அவள் சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“விபத்தா? முப்பது வருசமா கம்பெனி நடத்துறேன், ஒரு ஆளுக்கு வெரல்ல கீறல் விழுந்திருக்கா?”

“வெரல்ல இல்ல அண்ணாச்சி, பல்லுல.”

“என்னன்னு எழுதச் சொல்லுத? எம் பொஞ்சாதி செஞ்ச சீடையக் கடிச்சுப் பல்லு போச்சுன்னா? அது அவ காதுல விழுந்தா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா?” அவர் மேசையைத் தடவியபடி யோசித்தார். “மெஷின்ல பட்டுச்சுன்னு எழுதிருவோம்.”

அறை மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அழகுமீனா திரும்பாமலேயே சொன்னாள்: “மெஷின்னா, பாதுகாப்பு சரியில்லன்னு மெஷினப் பாக்க வருவாக அண்ணாச்சி.”

“அப்ப படியில விழுந்தான்னு போடு.”

“ஆஸ்பத்திரிச் சீட்டுல சீடைன்னே டாக்டர் எழுதிட்டாக.”

சங்கரலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. “இதுக்கு ஏன் இம்புட்டுக் கஷ்டம்? மதுரையில பெரிய பல் டாக்டர் இருக்காரு. நான் கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணுதேன். முத்து மாதிரி ரெண்டு பல்லு. செலவு என்னோடது. அறிக்கையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

நல்ல வாக்குதான். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டிருப்பார்கள். பஞ்சம்மாளுக்கு ஒரு பழைய அனுபவம் இருந்தது. அவள் மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது முதலாளிதான் உதவினார். அதை அவள் மறக்கவில்லை. மறக்கவும் அவர் விடவில்லை. வருசா வருசம் ஆயுத பூசைப் பேச்சில் ‘நம்ம பஞ்சம்மா மக உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தப்ப’ என்று ஆரம்பிப்பார். மகள் கல்யாணமாகிச் சாத்தூரில் இரண்டு பிள்ளைகளோடு கடை நடத்திக்கொண்டிருக்கிறாள். முதலாளியின் பேச்சில் மட்டும் அவள் இன்னும் ஆபரேஷன் மேசையிலேயே படுத்திருக்கிறாள்.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் பஞ்சம்மாள். “நீங்க கட்டிக் குடுத்தா அது ஒங்க பல்லு. நான் சிரிக்கையில எல்லாம் ‘அது நான் போட்ட பல்லு’ம்பீக. எஞ் சம்பளத்துல பிடிச்சதுல வாங்குனா அது எம் பல்லு. எனக்கு எம் பல்லுதான் வேணும்.”

“அறிக்கை மட்டும் முடியாது.”

“சரிங்க அண்ணாச்சி,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பணிவைப் பார்த்த அழகுமீனாவுக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

காலண்டர் சீசன் அது. வெளியூரிலிருந்து நாளுக்கு நாலு பேர் ஆர்டர் கொடுக்க வந்துகொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் கோயம்புத்தூர் நகைக்கடைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடாமலேயே பஞ்சம்மாள் மாதிரிக் காலண்டர்களைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்து வைத்தாள். வைத்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தாள்.

“என்னம்மா, பல்லுக்கு என்ன ஆச்சு?” என்று அவர் பதறிப்போய்க் கேட்டார்.

“இங்கன வேலை பாக்கையில போச்சுங்க.”

“அடப்பாவமே! எந்த மெஷின்ல?”

“மெஷின்ல இல்லீங்க. அத மொதலாளி வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்.”

நகைக்கடைக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு இருமல் வந்தது. அதற்கடுத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு சிரிப்பு. பிறகு ஒரு பள்ளிக்கூடத் தாளாளர், அவருக்கும். ‘ஆபீஸ் பக்கம் வரக் கூடாது’ என்று முதலாளி உத்தரவு போட்டதும், ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்தாள்.

அவள் பகுதியில் இருந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி அந்தப் பக்கம் வந்தால் போதும், பேச்சு சிரிப்பு எல்லாம் அடங்கிவிடும். முப்பது பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு தாளை அடுக்குவார்கள். அவர் நாலு எட்டு தாண்டியதும் எங்கிருந்தோ ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோடியில் நிற்கும் அய்யம்மாள் நாக்கை மேலண்ணத்தில் அடித்து அந்தச் சத்தத்தை எழுப்புவதில் ரொம்பத் தேர்ச்சி பெற்றுவிட்டாள்.

எட்டாம் நாள் சங்கரலிங்கம் தாங்க முடியாமல் அழகுமீனாவைக் கூப்பிட்டார்.

“அறிக்கையப் போட்டுத் தொலை. ஆனா ஒண்ணு, அதுல சீடைங்கிற சொல்லு வரக் கூடாது. யோகேஸ்வரி பேரும் வரக் கூடாது.”

“காயத்துக்குக் காரணமான பொருள் என்னன்னு ஒரு கட்டம் இருக்கே அண்ணாச்சி.”

“பொதுவா ஏதாச்சும் போடு.”

அழகுமீனா நகத்தைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ‘கடினமான உருண்டை வடிவப் பொருள்’ என்று அடித்தாள். காயம் பட்ட இடம், வாய். நேரம், பதினொன்றேகால். முதலாளிக்குத் திருப்தி. பஞ்சம்மாளுக்கும் திருப்தி.

சிவகாசியில் இருந்துகொண்டு, கடினமான உருண்டைப் பொருளால் வேலையாளுக்கு வாயில் காயம் என்று அரசாங்கத்துக்கு எழுதினால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும் என்பதை மூன்று பேருமே யோசிக்கவில்லை.

மாசக்கணக்கில் ஆகும் என்று எண்ணியிருந்த விசாரணை மூன்றாம் நாளே வந்து இறங்கியது. வந்தவர் பெயர் சீனிவாசகம். ஓய்வு பெற ஒரு வருசம் பாக்கி இருக்கும் ஈ.எஸ்.ஐ. அதிகாரி. மெலிந்த உடம்பு, தோளில் பை, முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் சிரிப்பில்லை. தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அச்சகம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றினார். மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். காகித மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்து மோந்தும் பார்த்தார். பிறகு முதலாளி அறையில் வந்து உட்கார்ந்தார்.

“உண்மையச் சொல்லுங்க. உருண்டையா எதை இங்க வெச்சிருக்கீங்க?”

“நாங்க காலண்டர்தான் சார் அடிக்கோம்,” என்றார் சங்கரலிங்கம்.

“காலண்டர் உருண்டையா இருக்குமா?”

“இருக்காது சார்.”

“அப்ப எது உருண்டை? வெங்காய வெடியா? லைசென்ஸ் இல்லாம உள்ள வெச்சு உருட்டுறீங்களா?”

சங்கரலிங்கத்துக்கு வேட்டி நழுவுகிற மாதிரி இருந்தது. “ஐயோ சாமி! வெடியா? நம்ம கம்பெனில தீப்பெட்டிகூடக் கெடையாது சார். சாமிக்கு வெளக்கேத்தணும்னாக்கூட வீட்டுல இருந்துதான் தீப்பெட்டி வரும்!”

“அப்படீன்னா அந்தம்மா வாய்க்குள்ள போனது என்ன? வேலை பாக்குற ஆளு வாய்க்குள்ள உருண்டைப் பொருள் எப்படிங்க போகும்?”

சுவரோரம் நின்ற பஞ்சம்மாளை அவர் பார்த்தார். பஞ்சம்மாள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய நல்ல நேரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு யோகேஸ்வரி உள்ளே வந்தார். வீடு அச்சகத்துக்குப் பின்னால்தான். சர்க்கார் ஆபீசர் வந்திருக்கிறார், ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்கிறார் என்று காவலாளி சுடலை போய்ச் சொல்லியிருந்தான். ஒரு கையில் காப்பி, மறு கையில் தட்டு. தட்டில் குவியலாகக் கருப்பட்டிச் சீடை.

“வாங்க சார். வெயில்ல வந்திருக்கீக, வெறும் வயித்தோட போகக் கூடாது. ஆயுத பூசைக்குச் செஞ்சது. ஒரு மாசம் ஆனாலும் கெடாது.”

சீனிவாசகம் தட்டைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். ஒரு சீடையை இரண்டு விரலால் எடுத்து, கண்ணுக்கு நேரே உருட்டிப் பார்த்து, மேசை மேல் தட்டினார். டக், டக்.

“இதுவா?” என்றார்.

“எது இதுவா?” என்றார் யோகேஸ்வரி.

யோகேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பஞ்சம்மாளிடம் வந்ததும் அவர் பார்வை அந்தப் பல் இடுக்கில் நின்றது.

இத்தனை நாளும் இந்த விளையாட்டை ரசித்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் சட்டென்று உதட்டை மூடி அந்த இடுக்கை மறைத்தாள். முதலாளியைத்தான் அவள் வதைக்க நினைத்தாளே தவிர இந்தம்மாவை அல்ல. போன வருசம் டெங்குவில் படுத்திருந்தபோது ஆமத்தூர் வரைக்கும் இளநீர் கொண்டுவந்தவர் இவர். பல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், படியில் விழுந்தேன் என்று சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் சங்கரலிங்கம் முந்திக்கொண்டார். வெடி வழக்கு ஒரு பக்கம், வீட்டுக்காரி ஒரு பக்கம். மனிதர் இரண்டையும் ஒரு தடவை எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

“ஆமா சார், இந்தச் சீடைதான். பூசையன்னைக்கு எங்க வீட்டுல குடுத்தாக. பஞ்சம்மா கடிச்சா. பல்லு போச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். சொல்லத் தொடங்கிய வாய் அதோடு நிற்கவில்லை. “எனக்கும் ஒரு கடவாப்பல்லு போயிருக்கு சார். பதினோரு வருசம் ஆச்சு.”

யோகேஸ்வரி தட்டைக் கீழே வைத்தார். “ஏங்க, அது கருப்பட்டியக் கடிச்சுப் போச்சுன்னுல்ல சொன்னீக?”

“சீடைக்குள்ள கருப்பட்டி இருக்குல்ல, யோகு.”

“அப்ப வருசா வருசம் ரெண்டு தூக்குச்சட்டி காலியாகுதே? அம்புட்டும் எங்கன போகுது?”

கதவோரம் நின்ற சுடலை சூதுவாது தெரியாதவன். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது அவன் வழக்கம். “கொளாயடில கெடக்கும் தாயி. நாந்தான் பொறுக்கி வெச்சுக்கிடுவேன். நாய வெரட்டத் தோதா இருக்கும். ஒண்ண விட்டெறிஞ்சா தெரு முக்கு வரைக்கும் போவும்.”

யோகேஸ்வரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து வருசமாகச் சர்க்கரை நோய். இனிப்பு எதையும் வாயில் வைப்பதில்லை. அதற்கு முன்னாலும், செய்கிற அலுப்பில், தன் சீடையைத் தானே தின்று பார்க்கத் தோன்றியதில்லை. இப்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

“யோகு, வேண்டாம்!” “அம்மா, கடிச்சிராதீக!” என்று நாலு பக்கமிருந்தும் குரல் எழுந்தது. சீனிவாசகம்கூடப் பாதி எழுந்துவிட்டார்.

யோகேஸ்வரி வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சீடையின் மேல் ஒரு பல் தடம்கூட இல்லை.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பஞ்சம்மாள் பதறிப்போய்ப் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு.

“ஏட்டி பஞ்சம்மா, இதையா ‘அருமை, அருமை’ன்னு இருபத்திரண்டு வருசமாச் சொன்னீக?”

“பத்தொம்பதுதாம்மா. மிச்சம் மூணு வருசம் நான் வரலை.”

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினார். “எழுதுங்க சார். சீடைன்னே எழுதுங்க. செஞ்சது யோகேஸ்வரின்னு எம் பேரையும் போடுங்க. நாங் கையெழுத்துப் போடுதேன். இவுக போட மாட்டாக, பயந்த ஆளு.”

சீனிவாசகத்துக்கு வெடிச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அவர் விதி தெரிந்த மனிதர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “அதெல்லாம் சரிம்மா. வேலையில பட்ட காயம்னா அது வேலையினால வந்திருக்கணும். சீடை தின்னது எப்படி வேலையாகும்?”

பஞ்சம்மாள் முன்னால் வந்தாள். “அன்னைக்கு வருகை போட்டாகளா இல்லையான்னு கேளுங்க சார்.” அழகுமீனா வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினாள். போட்டிருந்தது.

“காலையில வந்து மெஷினத் தொடச்சது யாரு? பொட்டு வெச்சது யாரு? நாங்க. அது வேலைதான? சீடை தின்னாம வாசலத் தாண்டக் கூடாதுன்னது மொதலாளி உத்தரவு. மொதலாளி உத்தரவு போட்டு, சம்பளம் உள்ள நாள்ல, கம்பெனிக்குள்ள வெச்சுச் செஞ்சா அது வேலைதான சார்? பிரியப்பட்டா இதத் தின்னோம்? ஒரு கல்லக் காட்டி ‘தின்னு’ன்னா, வேலையத் தவிர வேற எதுக்காகத் தின்போம்?”

சீனிவாசகம் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். “அப்படி உத்தரவு போட்டீங்களா?”

“வருசா வருசம் போடுவாரு சார்,” என்று யோகேஸ்வரியே பதில் சொன்னார். “நாந்தான் போடச் சொல்லுவேன்.”

“சாட்சி இருக்கா?”

ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த அத்தனை பெண்களும் கையைத் தூக்கினார்கள். அய்யம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள்.

சீனிவாசகம் எழுதினார். இரண்டு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். “நான் மேல அனுப்புறேன். முடிவு பண்றது அங்க” என்றார். காப்பியை மட்டும் குடித்தார். ஒரு சீடையைக் காகித உறையில் போட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது என்று சுடலை பின்னால் சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கரலிங்கத்துக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் இருந்து பொட்டலம் வாங்கி வரச் சொன்னதை எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுச் சாப்பாடு திரும்ப வந்தது.

மார்கழியில் ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து ஒத்துக்கொண்டு கடிதம் வந்தது. பஞ்சம்மாள் ஆஸ்பத்திரிக்கு அளவு கொடுக்கப் போன நாளில் யோகேஸ்வரியும் காரை வெளியே நிறுத்திவிட்டு அவளோடு வரிசையில் உட்கார்ந்தார். “சீட்டு போட்டாச்சா, அட்டை எங்க?” என்று வரிசையை ஒழுங்குபடுத்திய பணியாள் கேட்டபோது அவர் பஞ்சம்மாளைப் பார்த்தார். “இவுக நோயாளி இல்லண்ணே, காரணம்” என்றாள் பஞ்சம்மாள். அன்று அந்த வரிசையில் இருந்தவர்களுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

பொங்கல் கழிந்து பல் வந்தது. வாயில் மாட்டியதும் யாரோ அந்நியர் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நாலு நாள் சாப்பாட்டுக்குக் கழற்றி வைத்தாள். ஐந்தாம் நாள் மாட்டிக்கொண்டே தோசை தின்றாள். பெத்தணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது ரொம்பப் பெரிய பேச்சு. அதைப் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. எந்தச் சீட்டை எங்கே வாங்குவது, எந்தக் கிழமை கூட்டம் குறைவு, டாக்டரம்மா எப்படி வலிக்காமல் ஊசி போடுவாள் என்று ஆமத்தூர் பஸ்ஸுக்கே பாடம் எடுத்தாள். தன் பகுதிப் பெண்களையும் விடவில்லை. அட்டையை அரிசிப் பானைக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தேடி எடுத்தார்கள். அய்யம்மாள் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் இரண்டு பேர் பல் சுத்தம் செய்துகொண்டு வந்து, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்கள். வாரத்துக்கு மூன்று பேராவது அரை நாள் லீவு கேட்டு வந்து நின்றார்கள்.

“ஏன்த்தா, எல்லாருக்கும் ஒரே மாசத்துலயா பல்லு வலிக்கும்?” என்று சங்கரலிங்கம் அழகுமீனாவின் மேசை முன்னால் வந்து புலம்பினார். கன்னத்தைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஏத்தா மீனா, அந்த அட்டை எனக்கு ஒண்ணு போட முடியாதா? கடவாய்ல அந்த எடம் சும்மாத்தான் கெடக்கு. இன்னொண்ணும் ரெண்டு நாளா ஆடுது.”

“அது தொழிலாளிகளுக்கு அண்ணாச்சி. நீங்க மொதலாளி. ஒங்களுக்குக் கெடையாது.”

“நானுந்தான் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஒழைக்கேன்!”

தாள் கட்டு எடுக்க வந்த பஞ்சம்மாள் அதைக் கேட்டுவிட்டாள்.

“அதுக்கென்ன அண்ணாச்சி, நாளைக்கு எட்டு மணிக்கு எங்க பகுதிக்கு வந்துருங்க. எம் பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்கு. தாள எப்படி அடுக்குறதுன்னு நாஞ் சொல்லித் தாரேன். மத்தத மீனா சம்பளத்துல பிடிச்சுக்கிடுவா.”